மனு எழுதாதீர்கள், தீர்மானம் எழுதுங்கள்

தர்மபுரி பக்கம் ஒரு விடுதியில் தங்கித்தான் பொறியியல் படித்தேன். இரண்டாம் வருஷம் தண்ணீருக்காக ஒரு மனு எழுதினோம். "ஐயா, விடுதித் தண்ணீர் சரியில்லை. ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்து. வார்டன் படித்தார். "பார்க்கலாம்பா" என்றார். படிப்பு முடியும்வரை அதே தண்ணீரைத்தான் குடித்தோம்.

ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யோசித்தால் பாதித் தப்பு எங்கள் மனுவில்தான். 'சரியில்லை' என்றால் என்ன? எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு எங்கள் வகுப்பிலேயே ஆட்கள் உண்டு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அந்த எண் எங்கள் மனுவில் இல்லை.

இப்படி எழுதியிருக்க வேண்டும்: விடுதி போர் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். முடிவை மெஸ் சுவரில் ஒட்ட வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் மாற்றுத் தண்ணீர் தர வேண்டும். பொறுப்பு வார்டன், செலவு விடுதிக் கட்டணத்திலிருந்து. இதற்கு "பார்க்கலாம்பா" என்று சொல்ல முடியாது. முடியும் அல்லது முடியாது, இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'முடியாது' என்பதும் பதிவேட்டில் ஏறும். ஆபீஸில் எவனாவது "ஆப் வேலை செய்யல" என்று மட்டும் டிக்கெட் போட்டால் நாங்களே கண்டுகொள்ள மாட்டோம்.

2006-இல் லிங்டோ குழு அறிக்கை தந்தது. உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய், வருகைப் பதிவு 75 சதவீதம், கையால் செய்த போஸ்டர் மட்டும். நாமும் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம், அதாவது யார் நிற்கலாம் என்பதை. ஜெயித்தவர் மறுநாள் காலையில் என்ன எழுத வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே இல்லை. பேராசிரியர்கள் பொறுக்கியெடுத்த பேரவைதான். அதன் வேலை ஆண்டு விழாவும் சிறப்பு விருந்தினருக்குச் சால்வையும்.

"படிக்கிற பசங்களுக்கு எதுக்குப்பா அரசியல்?" என்பார்கள் பெரியவர்கள். குடிக்கிற தண்ணீரைக் கேட்பது அரசியல் என்றால், அரசியல்தான். நம் பக்கத்துப் புரட்சிக்காரர்களோ, தீர்மானம் எழுதுவது குமாஸ்தா வேலை என்று சிரிப்பார்கள். அந்தக் குமாஸ்தாவிடம்தான் எப்போதும் தோற்கிறோம், தோழர். நாம் கத்திவிட்டுக் கலைகிறோம். அவர் எழுதி வைக்கிறார்.

அரசுக் கல்லூரி என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய், 30 நாள். எண்களை வாங்குங்கள். பிறகு 'ஆவன' என்ற சொல்லை அடித்துவிட்டு எது, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தேர்தல் நடக்காத கல்லூரியிலும் இதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.