ஏறும்போது ஒரு நியாயம், இறங்கும்போது ஒரு நியாயமா?

2024 செப்டம்பர் 14ஆம் தேதியை மளிகைக் கடைக்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டோம். அதுவரை அடிப்படைச் சுங்க வரி இல்லாமல் வந்துகொண்டிருந்த கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு அன்று முதல் 20 சதவீத வரி. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதமாக இருந்தது 32.5 சதவீதம் ஆயிற்று. நாம் கடை திறப்பதற்கு முன்பே தொலைபேசி அடித்தது. "டின் விலை ஏறிவிட்டது, பழைய விலையில் ஆர்டர் இல்லை" என்றார்கள்.

இத்தனைக்கும் குடோன்களில் அன்று இருந்த எண்ணெய் முழுவதும் பழைய வரியில் வந்து இறங்கியது. குறைந்த வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் நாட்டில் இருக்கிறது, அது 45 முதல் 50 நாட்களுக்குப் போதும் என்று மத்திய அரசே சொன்னது. அந்தச் சரக்கு தீரும் வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று எண்ணெய்த் தொழில் சங்கங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் விலை ஏறத்தான் செய்தது.

எட்டு மாதம் கழித்து, 2025 மே 30ஆம் தேதி, கச்சா எண்ணெய் மீதான அதே வரி 20லிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலை நமக்கு எந்தத் தொலைபேசியும் வரவில்லை. நாமே கூப்பிட்டுக் கேட்டபோது, "பழைய சரக்கு இன்னும் தீரவில்லை, பொறுங்கள்" என்று பதில் வந்தது.

வரி ஏறிய நாளில் பழைய சரக்கு என்ற பேச்சே இல்லை. வரி இறங்கிய நாளில் பழைய சரக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. நமக்கு மேலே இருப்பவர்களைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. நம் கல்லாவில் உட்கார்ந்து நாம் வாடிக்கையாளரிடம் சொல்வதும் பல நாட்களில் இதே பதில்தான். அதைப் பற்றித்தான் இந்த இதழில் மனம் திறந்து பேச விரும்புகிறோம்.

விலை எங்கே பிறக்கிறது?

நம் கடையில் விலை பிறப்பதில்லை. இதை முதலில் பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாமாயில் விலை கோலாலம்பூர் சந்தையில் ரிங்கிட் கணக்கில் பேசப்படுகிறது. அங்கே விலை நின்றாலும், டாலர் மதிப்பு ஏறினால் இங்கே டின் விலை ஏறும். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது; மே 23ஆம் தேதி மீண்டும் திறந்தது. மூன்றரை வாரம் யாரோ எங்கோ பூட்டிய கதவுக்கு, நம் தெரு முனையில் நாம் பதில் சொன்னோம்.

உளுந்து விலைக்கு மியான்மர் வரத்தைப் பார்க்க வேண்டும். துவரைக்கு மகாராஷ்டிரம், கர்நாடக விளைச்சலோடு மொசாம்பிக், தான்சானியா கப்பல்களையும் பார்க்க வேண்டும். பெரிய வெங்காயத்துக்கு நாசிக் பக்கத்து லாசல்கான் ஏலம். மஞ்சளுக்கு நம் ஈரோடு. இந்த இடங்களில் ஒன்றில் மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும், ஒரு அரசாணை வந்தாலும், அந்தச் சூடு சில நாட்களில் நம் கடைக்கு வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 8ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 மே மாதத்தில்தான் அது விலகியது. வெங்காய விலை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நம் முகத்தைத்தான் மக்கள் பார்க்கிறார்கள்.

ஆகவே விலை ஏறினால் "கடைக்காரன் ஏற்றிவிட்டான்" என்பது பழி. அந்தப் பழி நீங்க வேண்டுமானால் நம் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

800 ரூபாய்க் கணக்கு

பழைய சரக்கைப் புதிய விலைக்கு விற்பது தவறா? இல்லை என்பதே நம் கருத்து. ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ பருப்பு மூட்டை 6,000 ரூபாய். கிலோ அடக்கம் 120. நாம் 126க்கு விற்றால் கைக்கு வருவது 6,300. இதற்குள் மூட்டை விலை 6,800 ஆகிவிட்டால், விற்ற பணத்தை அப்படியே எடுத்துப் போனாலும் அடுத்த மூட்டை வாங்க 500 ரூபாய் குறைகிறது. வியாபாரம் செய்யச் செய்ய முதல் கரைகிறது என்று பொருள். எனவே புதிய அடக்கமான 136ஐ வைத்து 142க்கு விற்கிறோம். மறுபடி சரக்குப் பிடிக்க வேண்டியவன் இப்படித்தான் செய்ய முடியும்.

ஆனால் கணக்கை அத்தோடு நிறுத்தக் கூடாது. பழைய மூட்டையை 142க்கு விற்றபோது நமக்கு வந்தது 7,100. வழக்கமான லாபம் 300 போக, கூடுதலாக 800 ரூபாய் வந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் விலை இறங்குகிறது. 6,800க்கு வாங்கிய மூட்டை கையில் இருக்கும்போதே மார்க்கெட்டில் மூட்டை 6,000 ஆகிவிடுகிறது. அன்று 126க்கு விற்றால் 7,100க்குப் பதில் 6,300தான் வரும். சரியாக அதே 800 ரூபாய் குறைகிறது.

ஏற்றத்தில் வந்த அந்த 800 ரூபாய் லாபமல்ல. இறக்கத்துக்காக மார்க்கெட் நம்மிடம் கொடுத்து வைத்த பணம். அதை லாபம் என்று எண்ணிச் செலவழித்தவர்தான் விலை இறங்கும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு "பழைய சரக்கு" என்கிறார். ஏறும்போது புதிய விலை என்றால், இறங்கும்போதும் புதிய விலைதான். இல்லை, வாங்கிய அடக்கத்துக்குத்தான் விற்பேன் என்றால் இரண்டு நேரத்திலும் அப்படியே விற்க வேண்டும். இரண்டில் எதுவும் நியாயமே. இரண்டையும் கலந்து நமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வது மட்டும் நியாயமல்ல.

இதில் ஒரு எச்சரிக்கை. இது சில்லறைச் சரக்குக்கான பேச்சு. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது சட்டப்படி குற்றம். மார்க்கெட் எவ்வளவு ஏறினாலும் பழைய பாக்கெட்டை அதில் உள்ள விலைக்கு மேல் விற்க முடியாது.

முட்டை சொல்லும் பாடம்

இரண்டு பக்கமும் ஒரே நியாயத்தோடு நாம் விற்கும் பொருள் ஒன்று உண்டு. அது முட்டை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தொடங்கியது. நாமக்கல் விலை அறிவிப்பு அடுத்த நாள் நாளிதழில் வந்துவிடுகிறது. கோழி விடுமுறை எடுப்பதில்லை. முட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. புரட்டாசியில் சாப்பிடுவோர் குறைந்தால் விலை இறங்குகிறது. வடக்கே குளிர் தொடங்கித் தேவை கூடினால் ஏறுகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறினால் பண்ணையாளர் தவிக்கிறார். அறிவிப்பு விலைக்கும் பண்ணையில் கைக்குக் கிடைக்கும் விலைக்கும் வித்தியாசம் உண்டு என்று அவர்கள் நெடுநாளாகக் குறை சொல்லி வருவதும் உண்மை. பல்லடத்தில் அறிவிக்கும் கறிக்கோழி விலையும் இப்படித்தான் அன்றாடம் ஏறி இறங்குகிறது.

ஆனால் கடையளவில் பாருங்கள். முட்டை 20 காசு இறங்கினால் அன்றே நாமும் இறக்குகிறோம். ஏன்? வாங்க வருகிறவருக்கும் அந்த விலை தெரியும். பருப்பில் அப்படி இறக்குவதில்லை. ஏனென்றால் பருப்பின் மார்க்கெட் விலை அவருக்குத் தெரியாது. அப்படியானால் முட்டையில் நாம் காட்டும் நேர்மை நம்முடையதா, பத்திரிகையுடையதா? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தனியே இருக்கும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறும் என்று வாங்குவது

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றாட விலையைப் பார்த்துப் பார்த்துச் சிலருக்கு மளிகைக்காரர் என்பது மறந்து, சூதாடும் ஆசை வந்துவிடுகிறது. நாமும் அதற்கு விலக்கல்ல. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, இன்னும் ஏறும் என்று நம்பித் தேவைக்கு மேல் மூட்டைகளை வாங்கி அடுக்கினோம். சில வாரங்களில் விலை திரும்பியது. வட்டிக்கு வாங்கிய பணம், வண்டு விழுந்த மூட்டை, வீட்டில் கேட்ட பேச்சு என்று எல்லாம் சேர்ந்தே வந்தது.

அதே துவரையின் பின்கதையைப் பாருங்கள். 2016-17இல் விளைச்சல் பெருகியது. ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டால் 5,050 ரூபாய் என்று ஆதரவு விலை இருந்தும், பல மண்டிகளில் அதற்கும் கீழே போயிற்று. 2015இல் கப்பல் வராதா என்று காத்திருந்த நாடு, 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கே அளவு வைத்தது. ஈரோட்டு மஞ்சளும் அப்படித்தான். 2010இல் குவிண்டால் 16,000 ரூபாய்க்கு மேல் விற்றது, 2012இல் 4,000 ரூபாய் அளவுக்கு வந்தது. உச்சியில் வாங்கியவர் கதை நமக்குத் தெரியும். அடியில் விற்ற விவசாயி கதை இன்னும் கொடுமை.

நமக்குச் சோறு போடுவது சரக்கின் ஓட்டம். விலையின் ஓட்டம் அல்ல. வாரம் ஒருமுறை சுழலும் மூட்டையில் விலை இறங்கினாலும் நஷ்டம் ஒரு வாரத்தோடு போகும். ஆறு மாதம் கிடக்கும் மூட்டையில் இறங்கினால் குடும்பமே இறங்கும்.

அரசுக்கும் சங்கத்துக்கும்

அரசுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூனிலும் 2024 ஜூனிலும் பருப்புக்கு இருப்பு வரம்பு வந்தபோது சில்லறைக் கடைக்கு விதித்த அளவு 5 டன். நம்மில் பெரும்பாலோர் கடையில் அதில் கால்வாசி கூட இருப்பதில்லை. ஆனாலும் "பதுக்கல்" என்ற சொல் நம்மையும் சேர்த்தே சுடுகிறது. 2021 டிசம்பரில் கச்சா பாமாயில் உள்பட ஏழு வகைப் பொருட்களின் முன்பேர வர்த்தகத்தை செபி நிறுத்தியது. ஆனால் அடுத்த ஆண்டே உக்ரைன் போராலும் இந்தோனேசியத் தடையாலும் எண்ணெய் விலை உச்சிக்குப் போயிற்று. விலைப் பலகையை மூடினால் விலை நின்றுவிடாது என்பதை இது காட்டுகிறது. வரி மாற்றம் தேவையானால் செய்யட்டும். ஆனால் வரி ஏறும் நாளில் காட்டும் கண்காணிப்பை இறங்கும் நாளிலும் மேல்மட்டத்தில் காட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மொத்த வியாபாரிகளான நம் சகோதரர்களுக்கும் ஒன்று. ஏற்றத்துக்கு விடியற்காலையில் அடிக்கும் தொலைபேசி இறக்கத்துக்கும் அடிக்கட்டும். நீங்கள் இறக்கினால்தான் நாங்கள் இறக்க முடியும்.

சங்கம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துத் தொழில் பழகியவர்கள் நாம். இன்று கைபேசியில் நிமிடத்துக்கொரு விலை வருகிறது. அதில் வதந்தி எது, விலை எது என்று தெரிவதில்லை. பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய், வெங்காயம் என்று பத்துப் பொருட்களுக்கு அன்றன்று பில் போட்ட மொத்த விலையைச் சங்க அலுவலகப் பலகையில் எழுதினால் போதும். அதைப் பார்த்து நாம் ஒவ்வொருவரும் கடை வாசலில் ஒரு கரும்பலகை வைக்கலாம். ஏறினாலும் எழுதுவோம், இறங்கினாலும் எழுதுவோம்.

முதல் மாதம் சிலருக்குக் கை கூசும். ஆனால் இறங்கிய விலையை வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்த கடைக்காரரை, விலை ஏறும் நாளில் யாரும் பழிக்க மாட்டார்கள்.