உறுதியற்ற உறுதிகள்

கையில் நாலு காசு சேர்ந்தால் ஒரு துண்டுக் காணியை வாங்கிப் போடு என்பது எமது மூத்தோர் வழிவழியாகக் கூறிவரும் அறிவுரை. நாட்டின் அண்மைக்கால அனுபவங்கள் அதற்கு மேலும் வலுச் சேர்த்துள்ளன. 2008இல் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தது. 2020இல் த பினான்ஸ் நிறுவனத்தின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட, சேமிப்புகள் கரைந்தன. வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதால் வைப்புக் கணக்குகளை நாடத் தயங்கும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குக் காணியே பிரதான சேமிப்பாக உள்ளது.

வாவி சூழ்ந்த புளியந்தீவிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் காணி என்பது வெறும் முதலீடு அன்று. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் பெண்பிள்ளைக்கு வீடு வளவை எழுதிக் கொடுத்தே திருமணம் செய்து வைக்கும் வழக்கம் உடையவர்கள். ஆகவே, ஒரு காணிக் கொள்வனவு பிழைத்துப் போவது ஒரு மகளின் எதிர்காலமே பிழைத்துப் போவதற்கு ஒப்பாகும்.

காணி வாங்குவோர் பலரும் அஞ்சுவது விலை வீழ்ச்சிக்கே. எமது பகுதியில் அதனினும் பெரிய அபாயம் உரித்தில் இருக்கின்றது. யுத்த காலத்தில் இரு சமூகத்தவரும் இடம்பெயர்ந்தனர். உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அவரது காணியில் வேறொருவர் குடியிருக்கும் நிலையும் ஏற்பட்டது. பத்தாண்டு கால ஆட்சியைக் காட்டிக் காணிக்கு உரிமை கோரச் சட்டம் இடமளிக்கின்றது. எனினும், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாதச் செயல்களால் தமது காணிக்குத் திரும்ப முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்தது. இவ்வாறான பின்னணியுள்ள காணியை மலிவு என்று வாங்குபவர், காணியை அல்ல, வழக்கையே விலைக்கு வாங்குகின்றார்.

இரு சட்டங்களை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணியை, பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றுவது செல்லுபடியாகாது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதினாலும் அது வெறும் தாளே. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுதப்பட்டால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் எழுதியது அன்று, முதலில் பதிந்ததே முந்தும். உறுதியை எழுதிப் பெட்டகத்தில் பூட்டி வைப்போர் இதனை மறத்தலாகாது.

எனவே, முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேட வேண்டும். நில அளவைப் படத்துடன் எல்லைகளை நேரில் ஒப்பிட்டு, அயலவரிடமும் விசாரிக்க வேண்டும். கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்குமா என்பதையும் அறிய வேண்டும். 2004 சுனாமிக்குப் பின்னர் வடக்கு, கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றர் வரை கட்டடத் தடை வந்து, பின்பு தளர்த்தப்பட்டது. வாவியோர நிலத்திற்கும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. அத்துடன், முழுச் சேமிப்பையும் மண்ணில் புதைப்பது விவேகமன்று. அவசர வைத்தியச் செலவு வரும் நாளில் காணி உடனே காசாவதில்லை.

தனிமனித விழிப்பு மாத்திரம் போதாது. காணி உரித்தை அரசே உறுதிப்படுத்தும் 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் இன்னமும் நாடு முழுவதையும் எட்டவில்லை. கிழக்கில் அதனைத் துரிதப்படுத்துவதும், பதிவகத் தகவல்களைப் பொதுமக்கள் தமிழில் இலகுவாகப் பெற வழி செய்வதும் அரசின் கடமையாகும். இருவருக்கிடையிலான எல்லைத் தகராறு இரு சமூகங்களின் பிணக்காக மாறுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். தெளிவான பதிவேடு முதலீட்டுக்கு மட்டுமன்றி, அயலவர் இருவரும் நிம்மதியாக வாழ்வதற்கும் காப்பாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.