புரியவில்லை என்றால் பொய்யா?



போன வாரம் கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி'யைப் படிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். குடும்பக் குழுவில் ஒரு மாப்பிள்ளை, "மாமா, தலையும் புரியல, வாலும் புரியல. இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்று போட்டார். பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தினீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

1924-இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்ட ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். அறிவாளிகள் கணக்குப் போட்டு நடத்திய போரில் லட்சம் லட்சமாய்ச் செத்ததைப் பார்த்த தலைமுறை, "கனவிலும் மெய் உண்டு, அதையும் கேளுங்கள்" என்றது. ஐம்பது ஆண்டு கழித்து, 1974-இல், அந்த வழியில் வந்தது 'பால்வீதி'. எழுதியவர் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர். மரபு தெரியாதவரா அவர்?

வெள்ளைக்காரன் சரக்கா? நம் பாட்டிமார் ஒப்பாரியில் செத்தவரோடு பேசவில்லையா? நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். சபையில் அத்தனை பெரியவர்கள் இருந்தும், குடத்திலிருந்து ஓலை எடுக்க ஒரு சிறுவனைத்தான் கூப்பிட்டார்கள். கணக்குப் பார்க்காத கையை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்பிய ஊர் இது.

புரியாததெல்லாம் கவிதை என்று நான் சொல்லவில்லை. சும்மா சொல்லை உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் புரியாததெல்லாம் பொய் என்பது அதைவிடப் பெரிய தவறு. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

ஏரி வறண்ட ஒரு கோடையில் 'எங்கள் ஏரி' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ராத்திரி ஏரி அவன் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டதாக எழுதினான். சிவப்பு மையால் அடித்து, "கட்டுரையில் பொய் எழுதாதே" என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் எழுதியதெல்லாம் கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதுதான். 'பால்வீதி' என் கைக்கு வந்தது பல வருடம் கழித்து. படித்த அன்று அந்தச் சொம்புதான் கண்ணில் நின்றது.

மாப்பிள்ளை, நீங்கள் இன்று போட்டது அதே சிவப்பு மை.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, அடிக்கும் முன் இன்னொரு முறை படியுங்கள். அந்தத் தம்பி இதைப் பார்த்தால், அன்று பொய் எழுதியது நீ இல்லையப்பா. உனக்குப் பத்துக்குப் பத்து.