அவசரப்படுத்தாத துணை



மடுவுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். ஆவணித் திருவிழா முடிந்து சனம் கலைந்த பிறகும் சில பெண்கள் மாதாவின் முன்னால் இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் இருப்பார்கள். கையில் செபமாலை இருக்கும், மணி நகராது. வாயும் அசையாது. "ஒரு செபமும் சொல்லவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்" என்று பிறகு குறைபோலச் சொல்வார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆழ்நிலைச் செபம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

அந்தச் செபத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் எமது மண்ணிலும் உண்டு. அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளார் 1928இல் யாழ்ப்பாணம் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையினர் மௌனம், செபம், கைவேலை என்று வாழ்பவர்கள். (தோலகட்டி நெல்லிரசம் குடித்த பலருக்கு அதன் பின்னால் இருக்கும் செபம் தெரியாது.) ஆனால் மடத்து மணி எமக்கு அடிப்பதில்லை. விடியமுன் எழும்பி, பிள்ளைகளை அனுப்பி, கருவாடு காயப்போட்டு, சங்கக் கடனுக்குப் பதில் சொல்லி முடிக்க இரவாகிவிடும். எமக்கு எது வழி?

இந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர்களில் புனித இஞ்ஞாசியார் ஒருவர். அவர் போரில் காயப்பட்டவர். 1521இல் ஸ்பெயின் நாட்டின் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது தனது மனதைக் கவனித்தார். சில நினைவுகள் வரும்போது இனிக்கின்றன, போனபின் மனம் வரண்டுவிடுகிறது. வேறு சில நினைவுகள் போனபின்னும் ஆறுதல் நிற்கிறது. இவ்வளவுதான் அவர் கண்டுபிடித்தது. அவருடைய போதனை முழுவதும் இதிலிருந்து முளைத்தது.

அடுத்த வருடம் மன்றேசா என்ற ஊரில், பழைய பாவங்களை நினைத்து நினைத்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருமளவுக்கு அவர் கலங்கினார். சமாதானம் கிடைக்கும்வரை உண்பதில்லை என்று ஒரு கிழமை பட்டினி கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு அவரைச் சாப்பிடச் சொன்னார். அவரும் சாப்பிட்டார். கலக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை, ஆனால் உயிர் தப்பியது. ஆன்ம வழிகாட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

இவர் எமக்கு அந்நியரும் அல்லர். 1544இல் மன்னார் மக்கள் வேண்டிக்கொண்டபடி இங்கே ஒரு குருவை அனுப்பிய சவேரியார், இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களில் ஒருவர். அந்த வருடமே யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்ட சுமார் 600 பேரை வேதசாட்சிகள் என்று இத்தீவு இன்றும் நினைவுகூருகிறது.

1548இல் அச்சான தமது ஆன்மிகப் பயிற்சி நூலில் இஞ்ஞாசியார் வழிகாட்டிகளுக்கே முதலில் புத்தி சொல்கிறார். மனம் சோர்ந்திருப்பவரிடம் கடுமை காட்டக்கூடாது, மென்மையாகத் தைரியம் சொல்லவேண்டும். எந்தப் பக்கமும் சாய்த்துவிடாமல் தராசுபோல் நடுவில் நிற்கவேண்டும். கடவுள் அந்த ஆளோடு நேரே கதைப்பார், இடையில் நுழையக்கூடாது.

எமது ஊர்களில் இது எவ்வளவு தேவை என்று பாருங்கள். கணவரோ பிள்ளையோ காணாமற்போன ஒரு சகோதரியிடம் ஒருவர் வந்து, "இனி வரமாட்டார், ஆன்ம சாந்திப் பூசை ஒப்புக்கொடு" என்கிறார். இன்னொருவர் வந்து, "விசுவாசம் இருந்தால் கட்டாயம் வருவார்" என்கிறார். இருவருக்கும் அவசரம். "எல்லாம் கடவுளின் சித்தம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஷெல் அடித்தவர்களும் ஆட்களைக் கொண்டுபோனவர்களும் மனிதர்கள். அவர்கள் செய்ததைக் கடவுளின் தலையில் கட்டுவது எந்த ஞானோபதேசத்திலும் இல்லை.

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று முடிவுகட்டாமலே அவருக்காகச் செபிக்கலாம். பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, அவர் எங்கே என்று உமக்குத் தெரியும்" என்றால் போதும். முடிவெடுக்க உங்களைத் தள்ளுகிறவர் குருவாக இருந்தாலும் நல்ல வழிகாட்டி அல்லர். மனம் இருண்ட நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றவேண்டாம் என்பதும் இஞ்ஞாசியாரின் விதிதான். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்பின், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமற்போயுள்ளார் என்ற சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. அதைப் பற்றிச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இனி அன்றாடச் செபம். இரவு வேலை முடிந்தபின் பத்து நிமிடம் போதும். கண்ணை மூடவேண்டும் என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடினால் பதுங்குகுழியும் சத்தமும் வருகிறவர்கள் எம்மில் பலர். விளக்கைப் பார்த்துக்கொண்டோ பாய் இழைத்துக்கொண்டோ செய்யலாம். மூச்சை உள்ளே எடுக்கும்போது "இயேசுவே", வெளியே விடும்போது "கூட இரும்". பிறகு அன்றைய நாளைக் காலையிலிருந்து திரும்பிப் பாருங்கள். எங்கே கொஞ்சம் மூச்சு வந்தது? பக்கத்து வீட்டு அக்கா தந்த கறியாக இருக்கலாம், பிள்ளை சிரித்த ஒரு சிரிப்பாக இருக்கலாம். அதற்கு நன்றி. எங்கே மூச்சு அடைத்தது? அதையும் ஒளிக்காமல் ஆண்டவரிடம் காட்டுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள். திருப்பாடல்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

பழைய காட்சிகள் பொங்கி வந்தால் உடனே நிறுத்துங்கள். எழும்பி முகம் கழுவுங்கள், வெறுங்காலால் நிலத்தை மிதியுங்கள். இடையில் விடுவது பாவமில்லை. நித்திரை நாட்கணக்கில் இல்லாவிட்டால், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், செபத்தோடு மட்டும் நிற்காமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாதம் ஒருமுறை இதையெல்லாம் கதைக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. குருவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஒரு அருட்சகோதரி, செபத்தில் ஊறிய ஒரு மூத்த அம்மா, யாராகவும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு எக்காரணத்துக்கும் வெளியிட முடியாது. வெளியே கதைப்பதற்கு அந்த முத்திரை இல்லை. ஆகவே, "இது எங்கள் இருவரோடு நிற்குமா?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கோயில் விறாந்தைபோல நாலுபேர் கண்ணில் படுகிற இடத்தில் இருங்கள். காசு கேட்பவர், தனியே வரச் சொல்பவர், உங்கள் கதையை முடிக்கவிடாமல் தன் கதையைத் தொடங்குபவர் வேண்டாம். முதல் நாள் ஒன்றும் சொல்ல வராமல் அழுகை மட்டும் வந்தால், அழுது முடியும்வரை கடிகாரம் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் அடுத்த மாதமும் போங்கள்.