எந்த வேலைக்கு எவ்வளவு கூலி?

ஒரே பனியன் கம்பெனி. ஒரே கூரை. ஆனால் கூலி ஒன்று அல்ல.

கட்டிங் மாஸ்டருக்கு ஒரு கூலி. டைலருக்கு ஒரு கூலி. அயர்ன் போடுகிறவருக்கு ஒரு கூலி. செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. டைலருக்குப் பக்கத்தில் நின்று உதவும் கைமடிக்கு இன்னும் குறைவு.

ஏன் இந்த வேறுபாடு? கேட்டால், "காலம் காலமாக அப்படித்தான்" என்பார்கள்.

இது பதில் அல்ல. வழக்கம் வேறு, நியாயம் வேறு.

சதவீதக் கணக்கு

திருப்பூர்த் தொழிலாளர்கள் கூலிக்காகப் போராடியவர்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறினால் கூடவே ஏறும் படிக்குப் பஞ்சப்படி என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசுகின்றன. ஒப்பந்தம் எழுதப்படுகிறது. இது நல்ல பழக்கம். ஆனால் அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும், "எத்தனை சதவீதம் உயர்வு?" என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலைக்கு 500 ரூபாய். இன்னொரு வேலைக்கு 400 ரூபாய். இது உதாரணம்தான். வித்தியாசம் 100 ரூபாய்.

இருவருக்கும் 10 சதவீதம் உயர்வு வருகிறது. 500 என்பது 550 ஆகிறது. 400 என்பது 440 ஆகிறது. வித்தியாசம் இப்போது 110 ரூபாய்!

உயர்வு எல்லாருக்கும் வந்தது. ஆனால் பள்ளம் குறையவில்லை, கூடிவிட்டது. முதலில் போட்ட கூலி தவறு என்றால், அந்தத் தவறும் சேர்ந்து வளர்கிறது.

வேலையை எடை போடும் முறை

காய்கறியை எடை போட்டு விலை சொல்கிறோம். வேலையையும் எடை போடலாம். அதற்கு நான்கு கேள்விகள் உண்டு.

ஒன்று: இந்த வேலைக்கு எவ்வளவு திறமை வேண்டும்? பழக எத்தனை நாள் ஆகும்?

இரண்டு: உடம்பும் கண்ணும் மனதும் எவ்வளவு உழைக்கின்றன?

மூன்று: பொறுப்பு எவ்வளவு? தவறு நடந்தால் நட்டம் எவ்வளவு?

நான்கு: வேலை செய்யும் இடம் எப்படி? சூடா, தூசியா, இரைச்சலா?

ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பார்க்க வேண்டும். மதிப்பெண் கூடிய வேலைக்குக் கூலியும் கூட வேண்டும். சமமாக வந்தால் கூலியும் சமமாக வேண்டும்.

செக்கிங் வேலையை இப்படிப் பார்த்தால் என்ன தெரியும்? நாள் முழுவதும் நின்றபடி பார்க்கும் வேலை. சிறு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. தப்பினால் சரக்கையே வாங்க மறுப்பார்கள்.

இது "சும்மா பார்க்கிற வேலை" அல்ல. பொறுப்பான வேலை. ஆனால் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதனால் "லேசான வேலை" என்று பெயர் வந்துவிட்டது.

தராசும் கோணலாகலாம்

எடை போட்டால் மட்டும் போதாது. தராசு நேராக இருக்க வேண்டும்.

லண்டனில் டேகன்ஹாம் என்ற பகுதி. அங்கே போர்டு கார்த் தொழிற்சாலை. காரின் இருக்கைக்கு உறை தைத்தவர்கள் பெண்கள். தையல் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் நிர்வாகம் எடை போட்டபோது, அந்த வேலையைத் திறமை குறைந்த வகுப்பில் சேர்த்துவிட்டது. அந்த வகுப்பிலும் ஆண்களுக்குக் கிடைத்த கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

1968 ஜூன் மாதம் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உறை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? தொழிற்சாலை நின்றது. மூன்று வாரத்தில் கூலி உயர்ந்தது. 1970-இல் இங்கிலாந்தில் சம ஊதியச் சட்டம் வந்தது.

ஆனால், "எங்கள் வேலை திறமையான வேலை" என்ற கோரிக்கை அன்று நிறைவேறவில்லை. அதற்காக 1984-இல் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். 16 ஆண்டு காத்திருப்பு!

இதில் பாடம் என்ன? நிர்வாகம் மட்டும் தராசைப் பிடிக்கக் கூடாது. முதலாளி பக்கத்தார், தொழிற்சங்கத்தார், அந்த வேலையைச் செய்யும் ஆணும் பெண்ணும் எல்லாரும் சேர்ந்து பிடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற உலக உடன்படிக்கை 1951-இல் உருவானது. இந்தியா 1958-இல் அதை ஏற்றது. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது.

ஒரே மாதிரியான வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் பேதம் கூடாது என்கிறது இந்தச் சட்டம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது.

ஆனால் செக்கிங்கும் தையலும் வேறு வேறு வேலைகள். அவற்றை ஒப்பிட்டு எடை போடுவது, ஒப்பந்தம் பேசுகிறவர்களின் கடமை.

செலவு கூடுமா?

"விலை குறைவு, போட்டி அதிகம். இதில் கூலியை எப்படிக் கூட்டுவது?" என்று முதலாளிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. யார் கூலியையும் குறைக்கவும் கூடாது. அடுத்த உயர்வு வரும்போது, தாழ்ந்து கிடக்கும் வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பீஸ் ரேட்டுக்கும் இதே முறையைக் கையாளலாம்.

இதில் முதலாளிக்கும் லாபம் உண்டு. கூலி நியாயம் என்று தெரிந்தால், தொழிலாளி அடுத்த கம்பெனியைத் தேடி ஓடமாட்டார். பழகிய கை நிலைத்து நின்றால் சரக்கில் குறை வராது.

அடுத்த ஒப்பந்தத்தில், "எத்தனை சதவீதம்?" என்று கேட்கட்டும். அதற்கு முன்னால், "எந்த வேலைக்கு என்ன எடை?" என்று கேட்கட்டும்.

எடை போட வேண்டியது வேலையை. செய்வது ஆணா, பெண்ணா என்பதை அல்ல.