பண்டிதத் தேர்வும் தகுதித் தேர்வும்

ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றி இலக்கிய அன்பர்கள் பேசுவானேன் என்ற கேள்வி எழக்கூடும். நாம் எழுதுவதைப் படிக்கப்போகிறவர்களை எழுத்துக்கூட்டப் பழக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நெஞ்சில் இன்று என்ன அச்சம் குடியிருக்கிறது என்பது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று. அதோடு, தேர்வு வைப்பதில் தமிழ்ப் புலமைக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதில் ஒரு பகுதி சேது நாட்டைச் சேர்ந்தது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை முதலில் நினைவுகூர்வோம். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர், தகுதித் தேர்வு நடைமுறைக்கு வருமுன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டாண்டுக்குள் அதில் தேறவேண்டும். இல்லையேல் பணியிலிருந்து விலகவேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர் பணியில் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிற்று. பாம்பன், தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் வரை இருபதாண்டு, இருபத்தைந்தாண்டு கரும்பலகையின் முன் நின்றவர்களும், நேற்றுவரை தம்மிடம் படித்து இன்று பட்டயம் வாங்கியவர்களும் ஒரே வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்யும் நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

அந்தத் தேர்வு எதை அளக்கிறது? முதல் தாளில் 150 வினாக்கள்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று பகுதிக்கு 30. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்து வட்டத்தைக் கருப்பாக்கவேண்டும். 2012 ஜூலையில் தமிழகம் இதை முதன்முறை நடத்தியபோது ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர் 2,500 பேர்கூட இல்லை. கூக்குரல் எழவே, அக்டோபரில் மூன்று மணி நேரம் தந்து மறுபடி நடத்தினார்கள். மூன்று மாதத்தில் தமிழகத்து ஆசிரியர் பட்டதாரிகள் திடீரென அறிவு பெற்றுவிடவில்லை. கடிகாரத்தை அளந்துவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

வேலைக்கு வருபவரை வாயிலில் நிறுத்திச் சோதிக்க இத்தகைய தாள் போதுமென்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருபதாண்டு இருந்தவரின் திறன் வேறிடத்தில் தென்படுவது. ஓர் அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை உட்காரவைத்து ஒருவரே பாடம் நடத்தும் பள்ளியை எண்ணிப்பாருங்கள். அப்பன் கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் வாரத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாலும் மனம் வருவதில்லை. வாடைக்காற்றையும் கச்சானையும் பிரித்தறிந்த சிறுவன் பாடநூலின் 'வடகிழக்குப் பருவக்காற்று' என்ற சொல்லில் தடுமாறுகிறான். அவன் சொல்லிலிருந்து நூலின் சொல்லுக்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துவருவதே அந்த ஆசிரியரின் தொழில். எந்த வட்டத்தைக் கருப்பாக்கி அதைக் காட்டுவது?

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் தமக்குப் பாடம் சொன்ன சிவசுப்பிரமணிய ஐயரை அப்துல் கலாம் வாழ்நாளெல்லாம் பேசினார். பறவை பறப்பதைப் பலகையில் வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்கு விளங்காததால், மாலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளையே காட்டினாராம். 'விளங்கவில்லை' என்று ஒரு பிள்ளை சொன்னதைக் குறையாக எடுக்காமல், தம் முறையை அன்றைக்கே மாற்றிக்கொண்டாரே, அதைத் திறன் என்போம். அதை மதிப்பிட வேண்டுமானால் மதிப்பிடுபவர் கடற்கரைக்குப் போயாகவேண்டும்.

இப்பிழை புதிதன்று. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ, மாணவர் தேறும் கணக்குக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்ற விதியைக் கொண்டுவந்தார். அப்போது பள்ளி ஆய்வாளராக உத்தியோகம் பார்த்துவந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, தம் மேலிடத்தையே எதிர்த்து எழுதினார். பாடம் இயந்திரத்தனமாகிவிடும் என்பது அவர் வாதம். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து, ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளை உருப்போட வைக்கும் பழக்கத்தை வளர்த்தது. கூலி தேர்வில் தொங்கினால் தொழில் தேர்வுக்கு ஏற்றபடி வளையும்.

இதற்கு நேரெதிரான ஒன்று நம்மிடமே இருந்தது. இராமநாதபுரத்தில் பிறந்த பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சேதுபதிகளின் ஆதரவு அதற்கு இருந்தது. சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளில் தேர்வு நடத்தியது. விரும்பியவர் விரும்பி எழுதினார்கள். படிப்படியாக ஏறலாம், வினாவைத் தொடுப்பவர் அதே துறையில் தோய்ந்த புலவர், தோற்றவரை வேலையிலிருந்து இறக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. பட்டம் பெற்றவர் அதைப் பெயரோடு சேர்த்துப் பெருமையாகப் போட்டுக்கொண்டார். தேர்வென்றால் மனிதர் நடுங்கியே தீரவேண்டும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். 2022இல் இதே பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்புவதில்லை. அதற்கேற்ற பாடத்தைத் தருகிறார்கள். பிள்ளைக்குக் காட்டும் இந்த நியாயம் அதற்குக் கற்பிக்கும் ஆசிரியைக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

சங்கங்களின் பக்கமும் நமக்கு வழக்கு உண்டு. 'பணியில் உள்ளவருக்கு எந்தச் சோதனையும் கூடாது' என்ற முழக்கம் நமக்கு உவப்பானதன்று. மூன்றாம் வகுப்பு முடித்தும் ஒரு வரி வாசிக்கத் தெரியாத மீனவர் வீட்டுப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? அப்பிள்ளைக்குச் சங்கம் கிடையாது. கற்பிக்கத் தெரியாதவரைக் கண்டறியத்தான் வேண்டும். ஆனால் தன் குறையை ஒப்புக்கொண்டால் சோறு போய்விடும் என்ற நிலையில் எவர் ஒப்புக்கொள்வார்? கணக்கில் பின்னமே தமக்குக் குழப்பம் என்று சொல்லத் துணியும் ஆசிரியைக்கு உதவலாம். அதை மறைத்து 150க்கு 90 வாங்கிவிடுபவரின் வகுப்பில் பின்னம் என்றைக்கும் குழப்பமாகவே இருக்கும்.

மாவட்டத்துக்கென்று மஞ்சூரில் ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மண்டபம் வட்டாரத்து ஆசிரியர்கள் கூடுவதற்குக் குறுவள மையங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இருவரும் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் ஒருவரும் ஒரு முழுநாள் வகுப்பில் அமர்ந்து பார்க்கட்டும். கண்டதை அன்று மாலையே அந்த ஆசிரியரிடம் முகத்துக்கு நேரே சொல்லட்டும்; அவரும் மறுமொழி சொல்லட்டும். அந்தக் குறிப்பு முதலாண்டில் அவர் கையிலேயே இருக்கட்டும், மேலதிகாரியின் கோப்புக்குப் போகவேண்டாம். பயிற்சியை வேலைநாளில், சம்பளத்தோடு கொடுக்கட்டும். சனி ஞாயிறைப் பறிப்பது தண்டனை. இத்தனைக்குப் பின்னும் அசையாதவர் மீது நடவடிக்கை எடுத்தால் நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

இதற்குச் செலவாகும், நாளாகும் என்பார்கள். வட்டங்களை எந்திரம் திருத்திவிடும், வகுப்பறையில் மனிதர் போய் உட்காரவேண்டும் என்பது மெய்தான். தீர்ப்பு தந்த இரண்டாண்டுத் தவணை 2027 ஆகஸ்டோடு முடிகிறது. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள் அதற்குள் மண்டபம் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு பள்ளியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.