பெர்மா சொன்னாலும் வகுத்துப் பார்ப்போம்!

கணிதத்தில் 'பெரியவர் சொன்னார்' என்பது சான்றாகாது என்பதே எங்கள் கருத்து. நான்கு, எட்டு, பதினாறு இரண்டுகளைத் தனித்தனியே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் முறையே 17, 257, 65,537 கிடைக்கும். மூன்றும் பகா எண்கள். முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் 429,49,67,297-உம் பகா எண்ணே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார், ஈவு 67,00,417. வகுத்தல் கற்ற எந்தச் சிறுமியும் இதைச் சரிபார்க்கலாம்.

மேதைக்கே இவ்விதி என்றால், கைடு புத்தகத்துக்கு விலக்கு உண்டோ? விடையை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், கணிதம் வராது. பெற்றோரே, 'ஏன்?' என்று கேட்கும் மகளை வாயாடி என்று அடக்காதீர்கள். தோழியரே, செய்து பார்த்து நம்புவோமாக!